இடாப்பில் பெயர் இருக்கிறது, பிள்ளை என்ன கற்றது?

விசேட தேவையுடைய பிள்ளை ஒன்றைப் பாடசாலையில் சேர்ப்பது எமது பிரதேசங்களில் இன்றும் இலேசான காரியமல்ல. கிராம உத்தியோகத்தரிடம் கடிதம், வைத்தியசாலையில் அறிக்கை, வலயக் கல்விப் பணிமனைக்கு இரண்டு மூன்று நடை, அதிபரின் தயக்கம், அயலவரின் கதை என்று எத்தனையோ தடைகளைத் தாண்டியே ஒரு தாய் தன் பிள்ளையை விசேட கல்வி அலகின் வாசல் வரை கொண்டு வருகிறாள். கணவனைப் போரில் இழந்த பெண்ணாக, அல்லது காணாமல் போனவருக்காகக் காத்திருக்கும் பெண்ணாக அவள் இருந்தால் அந்த நடை இரண்டு மடங்கு கடினமாகிறது. பிள்ளையோடு அலையும் ஒவ்வொரு நாளும் ஒரு நாட்கூலி இல்லாத நாள்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த பிறகு பெரும்பாலான தாய்மார் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "என் பிள்ளை இங்கே என்ன கற்றிருக்கிறது?" என்பதே அது. கேட்காததற்குக் காரணம் அக்கறையின்மை அல்ல. "எடுத்ததே பெரிய காரியம், கேள்வி கேட்டால் கூட்டிக்கொண்டு போ எண்டு சொல்லிப்போடுவினம்" என்று கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு தாய் சொன்னார். அந்தப் பயம்தான் காரணம்.

விசேட கல்வித் திட்டங்கள் பயன் தருகின்றனவா என்பதை அளவிடுவது அதிகாரிகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் மட்டுமே உரிய வேலை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அந்த அளவுகோலைத் தாயின் கையிலும் கொடுக்க வேண்டும். பிள்ளையைக் காலையிலும் இரவிலும் காண்பவள் அவள்தான். எப்படிக் கேட்பது, எதைப் பார்ப்பது, எப்படிக் குறித்து வைப்பது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதவு திறந்த வரலாறு

இலங்கையில் விசேட கல்வி புதிய விடயமல்ல. செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான முதற் பாடசாலையை 1912இல் மேரி சப்மன் என்ற மிஷனரிப் பெண் ஆரம்பித்தார். இரத்மலானைப் பாடசாலையாக இன்று நாம் அறிவது அதுவே. தமிழ்ப் பிள்ளைகளுக்கெனக் கைதடியில் நவீல்ட் பாடசாலை இயங்கி வருகிறது. சுன்னாகத்தில் விழிப்புலனற்றோருக்கான வாழ்வகம், கோண்டாவிலில் சிவபூமி மனவிருத்திப் பாடசாலை, மட்டக்களப்பில் தரிசனம் என நாம் அறிந்த நிலையங்கள் பல. இவற்றைவிட, சாதாரண பாடசாலைகளுக்குள்ளேயே விசேட கல்வி அலகுகள் இருக்கின்றன. எமது கிராமத்துப் பிள்ளைகளிற் பலர் செல்வது இந்த அலகுகளுக்கே.

சட்டமும் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. 1997இல் கொண்டுவரப்பட்ட கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் 5 வயது முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் பொருந்தின. 2016இல் அந்த வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. அதே 2016இல் வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24ஆம் உறுப்புரை கல்வியைப் பற்றியது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, 5 வயதுக்கு மேற்பட்டோரில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல், தம்மைத் தாமே பராமரித்தல், பேசிப் புரிந்துகொள்ளல் ஆகியவற்றில் ஏதோவொரு சிரமம் இருந்தது. அதாவது நூற்றுக்கு 8.7 பேர். எனவே இது ஓரிரு குடும்பங்களின் தலைவிதி என்று மறைத்து வைக்க வேண்டிய விடயமல்ல.

ஆனால் சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே போன பிள்ளை என்ன பெற்றது என்பதைச் சட்டம் தானாகப் பார்த்துச் சொல்லாது. அதை யாராவது பார்க்க வேண்டும்.

எண்ணிக்கைகள் சொல்லாதவை

திட்டங்களின் அறிக்கைகளை வாசித்தால் எண்ணிக்கைகள் நிறைய இருக்கும். எத்தனை பிள்ளைகள் பதியப்பட்டனர், எத்தனை ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர், எத்தனை சக்கர நாற்காலிகள் வழங்கப்பட்டன, விளையாட்டுப் போட்டி எப்போது நடந்தது என்பன எல்லாம் எழுதப்பட்டிருக்கும். 2009இல் போர் முடிந்த பிறகு வன்னிக்கு வந்த பல திட்டங்கள் இரண்டு மூன்று வருடங்களோடு முடிந்தன. "பயனாளிகள்" என்ற நிரலில் எமது பிள்ளைகள் எண்ணப்பட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த பயன் என்ன என்ற நிரல் பெரும்பாலும் இருக்கவில்லை.

இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, திட்டம் செய்தது. மற்றையது, அதனால் பிள்ளையிடம் விளைந்தது. ஐம்பது பிள்ளைகளுக்குக் கேட்டல் கருவி கொடுத்தது முதலாவது. அந்தக் கருவியைப் பிள்ளை தினமும் போடுகிறதா, பற்றரி முடிந்தால் புதியது வாங்கக் குடும்பத்துக்கு வழியிருக்கிறதா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா என்பது இரண்டாவது. முதலாவதை எண்ணுவது சுலபம். பிள்ளையின் வாழ்க்கையை மாற்றுவது இரண்டாவது.

"ஆறு வருசமா வட்டம் கீறுறான் மிஸ். கொப்பி மட்டும்தான் மாறுது" என்று ஒரு தாய் கூறினார். அந்தப் பிள்ளையின் வரவு நன்றாக இருந்தது. ஆசிரியை அன்பானவர், பிள்ளை அடிவாங்கவும் இல்லை. வருட இறுதிக் கலைவிழாவில் மேடையும் ஏறினான். இடாப்பைப் பார்த்தால் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பதினோரு வயதில் அவனுக்குத் தன் காற்சட்டைப் பொத்தானைப் பூட்டத் தெரியாது. அதை அவனுக்கு யாரும் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அன்பான பராமரிப்பும் கல்வியும் ஒன்றல்ல. பராமரிப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. பிள்ளை பாதுகாப்பாக இருக்கும் அந்த ஐந்து மணித்தியாலத்தில்தான் தாய் கூலிக்குப் போகிறாள், தையல் தைக்கிறாள், கச்சான் வறுத்து விற்கிறாள். தாய்க்குக் கிடைத்த அந்த நேரமும் திட்டத்தின் ஒரு பயனே. அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். பராமரிப்பைக் காட்டி, கல்வி நடந்துவிட்டது என்று சொல்லக்கூடாது.

சரியான பிள்ளை, சரியான இடம்

ஒரு திட்டத்தை மதிப்பிடுமுன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறதா?

போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து மரங்களின் கீழும் முகாம்களிலும் படித்த பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியாமற் போனது மூளையின் குறைபாட்டால் அல்ல. பாடசாலை இல்லாததால். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்து திரும்பிய பிள்ளைகளில் எத்தனையோ பேர் தரத்துக்குரிய பாடத்தை இழந்திருந்தார்கள். கண்முன்னே உறவுகளைப் பறிகொடுத்த பிள்ளை பேசாமல் இருந்தது. குண்டுச் சத்தத்தில் செவிப்பறை பாதிக்கப்பட்ட பிள்ளை சொன்னதைச் செய்யவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லோரும் "மெல்லக் கற்போர்" போலவே தோன்றினார்கள். ஆனால் முதலாவது பிள்ளைக்குத் தேவைப்பட்டது இழந்த பாடத்தை ஈடுசெய்யும் வகுப்பு. இரண்டாவதற்கு உளவளத்துணை. மூன்றாவதற்குச் செவிப் பரிசோதனை. மூவரையும் ஓர் அறையில் இருத்தினால் எந்த ஆசிரியராலும் நல்ல விளைவைக் காட்ட முடியாது.

அந்தப் பிள்ளைகள் இன்று பெரியவர்களாகிவிட்டார்கள். ஆனால் அதே குழப்பம் அடுத்த தலைமுறையிலும் தொடர்கிறது. ஆகவே "பிள்ளை முன்னேறவில்லை" என்ற முடிவுக்கு வருமுன் நான்கு விடயங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

முதலாவது காது. டவுண் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கேட்டற் குறைபாடு பரவலாக இருக்கும். சரியாகக் கேளாத பிள்ளைக்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் ஏறாது. இரண்டாவது கண். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் பலருக்குப் பார்வையிலும் சிக்கல் உண்டு. மூன்றாவது வலிப்பும் அதற்கான மருந்தும். சில பிள்ளைகள் வகுப்பில் தூங்கி வழிவது மருந்தின் அளவினாலும் இருக்கலாம். அப்படியானால் மருந்தை நாமாக நிறுத்தக்கூடாது. கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நான்காவது வரவு. 2022இல் எரிபொருள் நெருக்கடி வந்தபோது ஓட்டோ ஓடாததால் மாதக்கணக்காக வீட்டில் இருந்த பிள்ளைகள் உண்டு. வகுப்புக்கே போக முடியாத பிள்ளையிடம் கற்பித்தலின் விளைவைத் தேட முடியாது. அங்கே குறை போக்குவரத்தில் இருக்கிறது.

தொடக்கக் கோடு

நடந்த தூரத்தை அளக்க வேண்டுமானால் எங்கிருந்து புறப்பட்டோம் என்று தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான அலகுகளில் இல்லாதது இந்தத் தொடக்கக் குறிப்புத்தான்.

விசேட கல்வியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாள் கல்வித் திட்டம் ஒன்று எழுதப்பட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கி, அதை எழுதும் கூட்டத்தில் பெற்றோருக்கும் இடம் கொடுத்தது. எமது ஆசிரியர்களும் தமது பயிற்சியில் இதைக் கற்றிருக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் மூன்று விடயங்கள் இருந்தால் போதும். இன்று பிள்ளையால் என்ன முடியும்? இந்தத் தவணை முடிவில் என்ன முடிய வேண்டும்? அதை யார், எப்படிச் சொல்லிக் கொடுப்பார்?

இலக்கு எழுதும் விதத்தில் கவனம் தேவை. "பிள்ளையின் ஆளுமை விருத்தியடையும்" என்று எழுதினால் அது நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. "ஐந்து படங்களைக் காட்டினால் நான்கின் பெயரைச் சொல்வாள்" என்று எழுதினால் அதை யாரும் பார்த்துச் சொல்லலாம். "சுகாதாரப் பழக்கம் மேம்படும்" என்பதைவிட "மலசலகூடத்துக்குப் போக வேண்டும் என்பதைக் கையால் சைகை காட்டுவான்" என்பது நல்ல இலக்கு. தாய்க்கு விளங்காத வசனத்தில் எழுதப்பட்ட இலக்கு பிள்ளைக்கும் உதவாது.

ஐந்து படிகள்

இலக்கை "அடைந்தது, அடையவில்லை" என்று இரண்டாகப் பிரித்தால் எமது பிள்ளைகள் பெரும்பாலும் "அடையவில்லை" என்ற பக்கத்திலேயே நிற்பார்கள். அவர்களின் முன்னேற்றம் சிறு சிறு அடிகளாக வருவது. இதற்கு ஒரு நல்ல வழியை 1968இல் கிரேசுக், ஷேர்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் உளநலச் சேவைகளை மதிப்பிடுவதற்காக உருவாக்கினார்கள். பின்னர் அது விசேட கல்விக்கும் வந்தது. அதன் அடிப்படை மிக எளியது. ஒவ்வோர் இலக்கையும் ஐந்து படிகளாக முன்கூட்டியே எழுதி வைப்பது. நடுப்படியில் நாம் எதிர்பார்ப்பது இருக்கும். அதற்குக் கீழே இரண்டு படி, மேலே இரண்டு படி.

ஒன்பது வயதுப் பிள்ளை தானே சட்டை போடுவதை எடுத்துக்கொள்வோம்.

முதற்படி: சட்டையை அம்மா முழுதாகப் போட்டுவிட வேண்டும். (இன்றைய நிலை)
இரண்டாம் படி: அம்மா சட்டையைப் பிடித்தால் கைகளைத் தானே நுழைப்பாள்.
மூன்றாம் படி: சட்டையைத் தானே போடுவாள், பொத்தான்களை அம்மா பூட்டுவார். (தவணை முடிவில் எதிர்பார்ப்பது)
நான்காம் படி: மேல் பொத்தான் தவிர மற்றவற்றைத் தானே பூட்டுவாள்.
ஐந்தாம் படி: யாரும் சொல்லாமலே எல்லாவற்றையும் செய்வாள்.

தவணை முடிவில் அவள் இரண்டாம் படியில் நின்றாலும் ஒரு படி ஏறியிருக்கிறாள் என்பது கண்ணுக்குத் தெரியும். முதற்படியிலேயே நின்றால் சொல்லிக் கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும் என்பதும் தெரியும். இலக்குகள் மூன்றோ நான்கோ போதும். ஒன்று தன்னைத் தானே பராமரித்தல், ஒன்று பேச்சு அல்லது சைகை, ஒன்று எழுத்து அல்லது எண், ஒன்று பிறரோடு பழகுதல் என எடுக்கலாம்.

எழுதத் தெரியாத தாய்மார் கவலைப்படத் தேவையில்லை. ஐந்து கோடு கீறி, பிள்ளை நிற்கும் கோட்டில் ஒரு பொட்டு வைத்தாலே குறிப்புத்தான். கைத்தொலைபேசி இருக்கும் வீடுகளில் ஒவ்வொரு தவணை தொடக்கத்திலும் பிள்ளை அதே வேலையைச் செய்வதை ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைக்கலாம். ஒரு வருடத்தின் பின் மூன்று வீடியோக்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மாற்றம் தெரிந்துவிடும். ஆனால் குளித்தல், உடை மாற்றுதல் போன்றவற்றை வீடியோ எடுக்கக்கூடாது. எடுத்தவற்றை வைபரிலோ முகநூலிலோ போடவும் கூடாது. அது பிள்ளையின் மானம்.

வயதா, பாடமா?

இன்னொரு கேள்வி வரும். பிள்ளை வளரத்தானே செய்யும், முன்னேற்றம் கற்பித்தலால் வந்ததா, வயதால் வந்ததா என்று எப்படித் தெரியும்? ஆய்வாளர்கள் இதற்காகக் குழுக்களை ஒப்பிடுகிறார்கள். ஒரு தாயால் தன் பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட முடியாது, ஒப்பிடவும் கூடாது. ஆனால் ஒரே பிள்ளையை வைத்தே இதை அறிய ஒரு வழி இருக்கிறது.

மூன்று வேலைகளை எடுங்கள். கரண்டியால் தானே உண்ணுதல், தன் பெயரின் எழுத்துக்களை இனங்காணல், கடைக்குப் போய்ச் சொன்ன பொருளைக் கேட்டு வாங்குதல் என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் பிள்ளை இன்று எந்தப் படியில் நிற்கிறது என்று குறியுங்கள். முதலாம் தவணையில் கரண்டியை மட்டும் கற்பிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் தவணையில் எழுத்தைச் சேருங்கள். மூன்றாம் தவணையில் கடை.

கற்பிக்கத் தொடங்கிய பிறகே ஒவ்வொன்றும் உயர்ந்தால், அது கற்பித்தலின் பலன் என்று நம்பலாம். கற்பிக்காத மற்ற இரண்டும் சேர்ந்தே உயர்ந்தால், வயதோ புதிய மருந்தோ வீட்டுச் சூழலோ உதவியிருக்கலாம். அதுவும் மகிழ்ச்சியே. எதுவும் உயரவில்லையென்றால் படிகள் மிகப் பெரிதாக இருக்கின்றன, அல்லது முறை பிள்ளைக்குப் பொருந்தவில்லை. அப்போது பிள்ளையை "ஏறாத மண்டை" என்று சொல்லாமல் முறையை மாற்ற வேண்டும்.

நீண்ட விடுமுறையின் பின்பும் ஒருமுறை பாருங்கள். ஒரு மாத விடுமுறையில் எல்லாம் மறந்துபோனால், கற்றது வகுப்பறையோடு நின்றுவிட்டது என்பதே பொருள். வீட்டிலும் அதைச் செய்யப் பழக்கவில்லை என்பதும் அதில் தெரியும்.

வீட்டுப் படலைக்குள் வரும் கல்வி

வகுப்பில் பத்து வரை எண்ணும் பிள்ளை, வீட்டில் நான்கு பேருக்கு நான்கு கோப்பை எடுத்து வைக்கிறதா? வகுப்பில் "வணக்கம்" சொல்லும் பிள்ளை, தண்ணீர் வேண்டுமென்று அம்மம்மாவிடம் கேட்கிறதா? இந்த இடத்தில்தான் பல திட்டங்கள் தோற்றுப்போகின்றன. கற்றது ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குத் தானாக நடந்து போவதில்லை. விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கு அதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

வீட்டையே வகுப்பாக்கிய திட்டம் ஒன்று 1969இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் போட்டேஜ் என்ற ஊரில் தொடங்கியது. வீடுகள் தூரதூரமாக இருந்த நாட்டுப்புறம் அது. பிள்ளைகளை ஓரிடத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. ஆகவே ஆசிரியை வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போனார். அந்த வாரத்துக்கான சிறு இலக்கைத் தாய்க்குச் செய்து காட்டினார். தாய் தினமும் கற்பித்து, ஒரு தாளில் குறித்தார். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து அதைப் பார்த்தார்கள். பிறப்பு முதல் ஆறு வயது வரையான 580 திறன்களைக் கொண்ட பட்டியல் அவர்களிடம் இருந்தது. பின்னர் அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. வாகரையிலோ மாந்தை மேற்கிலோ பஸ் எட்டாத கிராமங்களில் வாழும் எமக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. அதில் முக்கியமானது, தாய் எழுதிய குறிப்பும் சாட்சியமாக ஏற்கப்பட்டதுதான்.

பெண்பிள்ளைகளை மறக்கக்கூடாது

ஒரு திட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்பதோடு யார் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் அலகிலிருந்து நிறுத்தப்படுவதைப் பல கிராமங்களில் காண்கிறோம். "அவளுக்கு ஒண்டும் விளங்காது, ஆரும் ஏதும் செய்துபோடுவாங்கள்" என்று தாய் பயப்படுகிறாள். அந்தப் பயத்தில் நியாயமுண்டு. ஆனால் வீட்டில் தனியே பூட்டி வைக்கப்பட்ட பிள்ளைக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. நடந்ததைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கே ஆபத்து அதிகம்.

ஆகவே பெண்பிள்ளைகளுக்கான திட்டத்தின் பயனை நாம் வேறு சில கேள்விகளாலும் அளக்க வேண்டும். மாதவிடாய்த் துணியை அல்லது பாட்டை மாற்ற அவள் பழகியிருக்கிறாளா? உடலின் எல்லா உறுப்புகளுக்கும் பெயரோ சைகையோ அவளுக்குத் தெரியுமா? விருப்பமில்லாத தொடுகைக்கு "வேண்டாம்" என்று காட்டுகிறாளா? யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தெரியுமா? அலகில் கதவுள்ள, தண்ணீருள்ள மலசலகூடம் இருக்கிறதா? எழுத்து முப்பது தெரிந்தும் இவை தெரியாத பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அந்தக் கல்வி போதாது. இவற்றைக் கற்பிக்க வெட்கப்படும் நிலையம் தன் வேலையில் பாதியைச் செய்யாமல் விடுகிறது.

அடுத்து எங்கே?

அலகு என்பது தங்குமடம் அல்ல. சாதாரண வகுப்புக்குப் போகக்கூடிய பிள்ளையை ஆயத்தப்படுத்தி அனுப்புவதும் அதன் கடமை. எனவே கேளுங்கள். கடந்த மூன்று வருடத்தில் இங்கிருந்து சாதாரண வகுப்புக்குப் போன பிள்ளைகள் எத்தனை? சித்திரத்துக்கோ சங்கீதத்துக்கோ விளையாட்டுக்கோ மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து இருக்கிறார்களா? 16 வயதின் பின் தொழிற்பயிற்சிக்கு அனுப்பும் ஒழுங்கு உண்டா? போனவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்று யாராவது விசாரித்தார்களா?

பரீட்சை எழுதக்கூடிய பிள்ளைகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம் போன்ற சலுகைகளை வழங்குகிறது. அதற்குப் பாடசாலையூடாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தகவலைத் தாமாகவே பெற்றோருக்குச் சொல்லும் அலகு நல்ல அலகு.

எப்படிக் கேட்பது?

கேட்பது என்பது சண்டை பிடிப்பதல்ல. பல வகையான தேவைகளுள்ள பிள்ளைகளை ஒரே அறையில் ஒரே ஆசிரியை பார்க்கும் நிலை எமது அலகுகளில் உண்டு. அவருக்கு உதவியாளர் இல்லை, உபகரணம் இல்லை. குறையெல்லாம் அவர் தலையில் கட்டுவது நியாயமாகாது. "ரீச்சர், இந்தத் தவணை இவளுக்கு எதைப் பழக்கப் போறியள்? நானும் வீட்டில அதையே பழக்கிறன்" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே இலக்கும் திட்டமும் வீட்டுப் பயிற்சியும் வந்துவிடுகின்றன. நாம் கண்டவரையில் இப்படிக் கேட்ட தாயை எந்த ஆசிரியையும் வெறுத்ததில்லை. தன் வேலையைக் கவனிக்க ஒருவர் இருக்கிறார் என்று மகிழ்ந்தவர்களே உண்டு.

தனியே கேட்கத் தயக்கமென்றால் நான்கு தாய்மார் சேர்ந்து போங்கள். மாதர் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக வையுங்கள். பாடசாலையில் பதில் கிடைக்காவிட்டால் வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரியைச் சந்திக்கலாம். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். போகும்போது உங்கள் கொப்பியைக் கையில் கொண்டு போங்கள். "பிள்ளை படிக்குதில்லை" என்ற முறைப்பாட்டைவிட, மூன்று தவணை ஒரே படியில் நிற்கும் குறிப்பு வலுவாகப் பேசும்.

ஒரு விடயத்தில் மட்டும் பொறுமை வேண்டாம். பிள்ளையை அடிப்பது, கட்டி வைப்பது, அவமதிப்பது எந்தக் கற்பித்தல் முறையும் ஆகாது. கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்திருக்கிறது. துன்புறுத்தல் நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு உடனே அறிவியுங்கள்.

திட்டம் பயன் தரவில்லை என்று தெரிந்தால் பிள்ளையை மறித்து வீட்டில் வைப்பது முடிவாகாது. எந்த இலக்கு, எந்தப் படி, எந்த முறை என்று பிரித்துப் பார்த்து மாற்றம் கேட்பதே முடிவு. பயன் தருகிறதென்றால் அதையும் சொல்லுங்கள். நன்றாக நடக்கும் அலகு, குறிப்பு இல்லாத காரணத்தால் நிதி நிறுத்தப்பட்டு மூடப்படுவதும் நடக்கக்கூடியதே. உங்கள் கொப்பி அந்த ஆசிரியையையும் காப்பாற்றும்.

சகோதரிகளே, 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். முதற் பக்கத்தில் இன்றைய திகதியைப் போட்டு, பிள்ளை இன்று தானாகச் செய்யும் ஐந்து வேலைகளை எழுதுங்கள். "ஒண்டும் செய்யமாட்டான்" என்று எழுதாதீர்கள். உற்றுப் பாருங்கள், ஐந்து இருக்கும். அடுத்த பக்கத்தில், இந்தத் தவணை அவன் கற்க வேண்டும் என்று நீங்கள் விரும்பும் ஒன்றை எழுதுங்கள். திங்கட்கிழமை பிள்ளையைக் கொண்டுபோய் விடும்போது அந்தப் பக்கத்தை ஆசிரியையிடம் காட்டுங்கள்.